குடியாத்தம் வாசிப்பு வட்டமும் இரண்டு இ-ரீடர்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

குடியாத்தத்தை ஒட்டிய ஓர் ஊரில் பௌர்ணமிதோறும் கூடும் பௌத்த வாசிப்பு வட்டம் ஒன்று, உறுப்பினர்களிடம் பணம் திரட்டி, மின்னூல் படிக்கும் கருவியான இ-ரீடர் இரண்டு வாங்கியது. ஒரே மாடல், ஒரே பார்சலில் வந்தவை. மழைக்காலம் முடிவதற்குள் ஒன்று பீரோவுக்குள் போய்விட்டது. இன்னொன்று யார் வீட்டில் இருக்கிறது என்று போன் போட்டு விசாரிக்க வேண்டியிருந்தது. உள்ளே ஏற்றியிருந்த கோப்புகளையும் மென்பொருளையும் தவிர இரண்டுக்கும் வேறு எந்த வித்தியாசமும் இல்லை. வேலூரில் டிடிபி வேலை செய்கிறவன் என்பதால் கோப்புகளைச் சரிசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஊர்ப்பெயரையும் ஆட்களின் பெயரையும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி விட்டிருக்கிறேன்.

யார், எதைப் படிக்கிறார்கள்

வட ஆற்காட்டில் பௌத்த நூல் படிப்பது புதுப் பழக்கம் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கோலார் தங்கவயலில் அதற்கு வலுவான கிளைகள் இருந்தன. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் ஏராளமானோர் குடியாத்தம், பேரணாம்பட்டு, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து போனவர்கள். தங்கவயலில் அச்சான நூல்கள் அந்தக் குடும்பங்களோடு ரயிலேறி இந்தப் பக்கம் வந்தன. 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு ஊர் திரும்பியவர்களின் டிரங்குப் பெட்டிகளில் இன்னும் சில கிடைக்கின்றன; காகிதம் மட்டும் அப்பளமாக நொறுங்கும். அதற்குப் பிந்தைய அடுக்கு அம்பேத்கருடையது. 1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் அவர் பௌத்த தம்மம் ஏற்றார். 1989-ல் பழைய வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது இந்தப் பாதிக்கு 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்றே பெயர் வைத்தார்கள். இப்போது அதுவும் போய், 2019 முதல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டம்.

வட்டத்தில் தறி நெய்கிறவர்கள், பீடி சுற்றும் பெண்கள், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர் ஒருவர், தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்கள், காட்பாடிக்குத் தினமும் போய்வரும் கல்லூரி மாணவர்கள் என்று கலந்து இருக்கிறார்கள். படிக்கும் நூல்கள் மூன்று வகை. முதலாவது அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்', பெரியார்தாசன் தமிழில். இரண்டாவது அயோத்திதாசர் எழுத்துகள். மூன்றாவது மணிமேகலையும், அதைப் புரிந்துகொள்ளத் துணையாக மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' நூலும்.

இ-ரீடர் யோசனையைக் கொண்டுவந்தது ரயில்வே ஐயா. கண்புரை ஆபரேஷன் ஆனவர். மொபைலில் பத்து நிமிஷம் படித்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது, அச்சுப் புத்தகத்தின் எழுத்தோ பொடி. இ-ரீடரின் மின்மை (இ-இங்க்) திரையில் பின்னாலிருந்து கண்ணை அடிக்கும் வெளிச்சம் கிடையாது. கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் மின்புலத்தால் மேலே வருவதும் கீழே போவதுமாக எழுத்தை உண்டாக்குகின்றன. அறை வெளிச்சத்தில்தான் படிக்கிறோம். திண்ணையில் வெயில் அடித்தாலும் எழுத்து மங்காது. பக்கம் திருப்பும்போது மட்டும்தான் திரை மின்சாரம் எடுக்கும் என்பதால் வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கும். யோசனையில் தப்பே இல்லை.

முதல் கருவி ஏன் பீரோவுக்குப் போனது

வட்டத்துத் தம்பி ஒருவர், வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருந்த பிடிஎஃப்களை அப்படியே முதல் கருவியில் ஏற்றிவிட்டார். எல்லாம் ஸ்கேன் செய்த பக்கங்கள், அதாவது படங்கள். கணக்குப் போட்டால் சிக்கல் தெரியும். டெமி அளவுப் புத்தகத்தின் பக்கம் ஏறத்தாழ 14-க்கு 21.5 சென்டிமீட்டர். ஆறு அங்குலத் திரை ஏறத்தாழ 9-க்கு 12. முழுப் பக்கமும் திரைக்குள் அடங்க வேண்டுமானால் பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்குச் சுருங்கும். 11 புள்ளி எழுத்து 6 புள்ளியாகிவிடும். பொடி எழுத்துக்குப் பயந்து கருவி வாங்கியவர் கையில் அதைவிடப் பொடியான எழுத்து.

பெரிதாக்கலாமே என்றால், பக்கம் திரையை மீறும். வரியின் வலப்பக்கம் பார்க்க விரலால் இழுக்க வேண்டும். மின்மைத் திரை மெதுவாகத்தான் மாறும். ஒவ்வோர் இழுப்புக்கும் பழைய எழுத்தின் நிழல் பின்னால் தங்கும், பிறகு திரை முழுக்க ஒருமுறை கறுத்து வெளுக்கும். பீடி சுற்றும் அக்கா ஒருவர் சொன்னது: "வரி முடியறதுக்குள்ள வரியோட ஆரம்பம் மறந்துபூடுது சார். இதுக்கு அந்தக் குண்டு புக்கே தேவல."

குண்டு புத்தகம் என்று அவர் சொன்னது, தைவான் அறக்கட்டளை ஒன்று தானமாக அச்சிட்டுக் கொடுத்த அம்பேத்கர் நூலை. இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் அலமாரியின் நடுவில் அதுதான் இருக்கும்.

ஸ்கேன் அல்லாத பிடிஎஃப்களும் சில இருந்தன. அவற்றின் பிரச்சினை வேறு. எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய டிடிபி எழுத்துருக்களில் அடித்தவை அவை. அச்சில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். பாமினி என்ற அப்படிப்பட்ட எழுத்துருவில் அடித்த 'அம்மா'வை வெளியே எடுத்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். அந்தத் தம்பி காலிபர் என்ற மென்பொருளில் போட்டு, திரைக்கு ஏற்ப வரி மடியும் மின்னூல் வடிவமான இபப் ஆக மாற்றிப் பார்த்திருக்கிறார். புத்தகம் முழுக்க இந்தக் கந்தல்தான் வந்தது. கருவி கெட்டுப்போய்விட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போயிருக்கிறார்கள்.

ஸ்கேனை வைத்துக்கொண்டே ஓரளவு சமாளிக்க வழி உண்டு. கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள் ஓரத்து வெள்ளையை வெட்டி, படத்திலேயே சொல்சொல்லாக நறுக்கி, சின்னத் திரைக்கு ஏற்ப அடுக்கித் தரும். உரைநடைக்கு நன்றாக வேலை செய்கிறது. செய்யுளில் வரி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. மணிமேகலையைக் கொடுத்தால் அடிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கோப்பும் பெருத்துப்போகும். அவசரத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இரண்டாவது கருவி

இதற்கு இபப் கோப்புகளை எழுத்தாகவே தயாரித்தேன். எதைத் தயாரிப்பது என்பதை முதலில் சட்டம் தீர்மானித்தது. மணிமேகலைக்கு யாரும் உரிமை கோர முடியாது. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் யூனிகோடில் மூலம் கிடைக்கிறது. அயோத்திதாசர் 1914-ல் மறைந்தவர், தடையில்லை. மயிலையாரின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. அம்பேத்கர் நூலின் ஆங்கில மூலம் அவர் மறைந்தபின் 1957-ல் வெளிவந்தது. அப்படிப்பட்ட நூலுக்கு இந்தியச் சட்டத்தில் வெளியான ஆண்டுக்கு அடுத்து 60 ஆண்டு உரிமை, அது கழிந்துவிட்டது. ஆனால் தமிழாக்கம் தனிப் படைப்பு. பெரியார்தாசன் மறைந்தது 2013-ல்தான். அதை ஓசிஆர் போட்டு, அதாவது பக்கப் படத்திலிருந்து எழுத்தாக மாற்றி, எல்லாருக்கும் அனுப்ப நான் மறுத்துவிட்டேன். "தானமா அச்சடிச்ச புக்குதானே, நாமளும் தானமாத்தானே குடுக்கறோம்" என்று வட்டத்தில் கோபப்பட்டவர்கள் உண்டு. தானமாகத் தருவது அச்சிட்டவரின் விருப்பம். நகலெடுக்கும் உரிமை அதனோடு சேர்ந்து வருவதில்லை. இதில் இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது.

முதல் சோதனைக் கோப்பை ஏற்றியதும் ரயில்வே ஐயா கேட்டார்: "இன்னா தம்பி இது, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமா கீது?"

'கொ' என்ற எழுத்தை யூனிகோடு ககரத்துக்குப் பின்னால் ஒரே குறியாகச் சேமிக்கிறது. அதைப் பிரித்துக் கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைப்பது, கருவிக்குள் எழுத்தை வரையும் நிரலின் வேலை. அந்த நிரலுக்குத் தமிழ் விதி தெரியாவிட்டால் கொம்பு தவறான பக்கத்தில் போய், நடுவில் புள்ளிவட்டம் முளைக்கும். நல்ல எழுத்துருவைக் கோப்புக்குள் பொதித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுத்துருவில் விதி இருந்தாலும் அதை எடுத்து நடத்த நிரல் வேண்டும். இந்த இரண்டாவது கருவியில் கோரீடர் என்ற திறந்தமூல மென்பொருளை நிறுவினேன். அது தமிழ் விதி தெரிந்த ஹார்ஃப்பஸ் நிரலைப் பயன்படுத்துகிறது, கொம்பும் காலும் இடத்துக்கு வந்தன. எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ். கருவி வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கடையில் காட்டும் மாதிரிப் புத்தகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். 'கொ', 'கோ', 'கௌ', 'ஸ்ரீ' உள்ள உங்கள் சொந்தக் கோப்பு ஒன்றைக் கொண்டுபோய்த் திறந்து பாருங்கள்.

மணிமேகலைதான் அதிக நேரம் வாங்கியது. முப்பது காதையும் நிலைமண்டில ஆசிரியப்பா. அடிக்கு நான்கு சீர். துன்பம் தோன்றும் காரணத் தொடர் என்று பௌத்தம் சொல்லும் பன்னிரு நிதானங்கள் வரும் இடத்தைப் பாருங்கள்:

பேதைமை செய்கை உணர்வே அருவுரு
வாயில் ஊறே நுகர்வே வேட்கை
பற்றே பவமே தோற்றம் வினைப்பயன்

பன்னிரண்டும் வரிசை தவறாமல், அடிக்கு நான்கு நான்காக நிற்கின்றன. ரயில்வே ஐயாவுக்கு வேண்டிய அளவுக்கு எழுத்தைப் பெருக்கினால் நான்காவது சீர் மடிந்து அடுத்த வரிக்கு விழுகிறது. 'அருவுரு' தனியாக ஒரு வரியில் நின்றால், படிப்பவர் அதைப் புது அடியின் தொடக்கம் என்று எடுத்து 'அருவுரு வாயில்' என்று சேர்த்து வாசிக்கிறார். வாசித்துக் கேட்டபோது நடந்ததே இது. இபப்பின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் தொங்கல் வைத்தேன்: அடியின் தொடக்கம் ஓரத்தில் நிற்கும், மடிந்து விழுவது நன்றாக உள்ளே தள்ளி நிற்கும். எழுத்து எவ்வளவு பெரிதானாலும் எது புது அடி, எது தொடர்ச்சி என்று பார்த்ததும் தெரியும். உரைநடையிலும் இருபக்கச் சீர்மையை எடுத்துவிட்டு இடப்பக்கம் மட்டும் நேராக்கினேன். தமிழ்ச் சொற்கள் நீளம். சின்னத் திரையில் இரண்டு பக்கமும் நேராக்கினால் சொற்களுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக விழும்.

பக்க எண் என்ற தொல்லை, அது தீர்ந்த விதம்

பௌர்ணமி வாசிப்பில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கையிலுள்ள பிரதியில் தொடர்வார்கள். "எல்லாரும் நாப்பத்து மூணாம் பக்கம் எடுங்க" என்பதுதான் வழக்கமான தொடக்கம். இ-ரீடரில் நாற்பத்து மூன்று என்று ஒன்று இல்லை. எழுத்தைப் பெருக்கியவரின் கருவியில் நூறு தாண்டியிருக்கும், சுருக்கியவருடையதில் முப்பதுகூட வந்திருக்காது. இதைச் சொல்லித்தான் வட்டத்தில் சிலர் கருவியே வேண்டாம் என்றார்கள். எனக்கும் ஆரம்பத்தில் அது நியாயமாகவே பட்டது.

ஆனால் அவர்கள் படிக்கும் நூல்களுக்குப் பக்க எண்ணே தேவையில்லை. அம்பேத்கர் தம் நூலை எட்டுப் புத்தகமாகவும், அவற்றைப் பகுதிகளாகவும், பகுதிகளைப் பிரிவுகளாகவும் பிரித்து, பிரிவுக்குள் பத்திகளுக்கு எண்ணும் போட்டிருக்கிறார். மூன்றாம் புத்தகம் மூன்றாம் பகுதி என்றால் 'தம்மம் என்றால் என்ன' என்ற பகுதி. தைவான் பதிப்பிலும் அதுதான், ஆங்கிலத்தில் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட தொகுப்பின் 11-ஆம் தொகுதியிலும் அதுதான். பௌத்த நூல்களில் பொதுவாகவே இப்படித்தான்: புத்தர் வாக்குகளின் தொகுப்பான தம்மபதம் 26 வர்க்கம், 423 பாடல்; எந்த மொழியில் எடுத்தாலும் எண் மாறாது. மணிமேகலைக்குக் காதையும் அடி எண்ணும் உண்டு. அச்சு வருவதற்கு வெகுகாலம் முன்பே, மனப்பாடமாக ஓதிக் காத்த மரபு இது. கேட்பவர் இடத்தைப் பிடிக்க எண்ணிக்கைதான் கைப்பிடி. பக்கங்களைக் கலைத்துப்போடும் மின்னூலில் நாவலைவிடப் பௌத்த நூல் நன்றாகப் பொருந்துவதற்குக் காரணம் இதுதான்.

அதனால் இபப்பின் உள்ளடக்கப் பட்டியலைக் காதைவாரியாகவும் பிரிவுவாரியாகவும் கட்டினேன். மணிமேகலையில் ஐந்து அடிக்கு ஒருமுறை எண் தெரியும்படி வைத்தேன். இப்போது வாசிப்பவர் "இருபத்து நாலாங் காதை, நூறாவது அடியிலேருந்து" என்று தொடங்குகிறார். அச்சுப் பிரதி வைத்திருப்பவரும் கருவி வைத்திருப்பவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

மற்றவை

திரிசரணம், பஞ்சசீலம் பாளியில் ஓதுவார்கள். தமிழ் எழுத்தில் பாளியை உச்சரிப்பு மாறாமல் எழுத, எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று குட்டி எண் போடும் முறை ஒன்று இருக்கிறது. மாணவர்கள் அதைத்தான் கேட்டார்கள், அப்படியே செய்தேன். பெரியவர்கள் ஒவ்வொரு குட்டி எண்ணையும் அடிக்குறிப்பு என்று நினைத்து விரலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். போதாததற்கு, தமிழ் எழுத்துருவில் இல்லாத '4' வேறொரு எழுத்துருவிலிருந்து வந்து பருத்து நின்றது. ஓதும் பகுதிக்குக் குட்டி எண்ணை எடுத்துவிட்டோம். உச்சரிப்பைப் பெரியவர்கள் வாய்வழியாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதுவும் ஒரு ஏ4 தாளில் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தபின் யாரும் திரையில் பார்ப்பதில்லை. கூடி ஓதுவதற்குத் தாள்தான் சரி.

தறி நெய்கிறவர்களின் விரல்நுனித் தோல் காய்ப்பேறியது. தொடுதிரை பல நேரம் அந்த விரலை உணர்வதே இல்லை, இரண்டு மூன்று முறை தட்ட வேண்டியிருக்கிறது. கோரீடரில் தொடும் பரப்பை அகலமாக்கிப் பாதி நிவாரணம் கிடைத்தது. பக்கம் திருப்பப் பொத்தான் உள்ள மாடலை வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது.

வெயில் இன்னொன்று. இந்த மாதிரிக் கருவிகளின் கையேட்டில் 35 டிகிரி வரைதான் பயன்படுத்தலாம் என்று போட்டிருக்கும். கத்திரியில் வேலூர் 40-ஐத் தாண்டும். வட்டம் கூடும் இடத்துக்கு சிமென்ட் ஷீட் கூரை. அதன்கீழ் இரும்பு பீரோ. கோடையில் கருவியை அங்கே பூட்டி வைக்க வேண்டாம் என்றேன். பெரியவர் ஒருவர் வீட்டில் மச்சுக்குக் கீழ் மர அலமாரி இருந்தது, அங்கே மாறியது. அதன்பிறகுதான் வீட்டுக்கு வீடு எடுத்துப்போகும் பழக்கமே தொடங்கியது; ஏலச்சீட்டு மாதிரி முறை வைத்துக்கொண்டார்கள்.

ஒரு மறுப்பு மட்டும் தொழில்நுட்பம் சாராதது. புத்தகம் என்றால் புத்தர் சிலைக்கு முன்னால் வைத்து எடுப்பார்கள். "இந்த ஸ்லேட்ட எப்டி வெக்கறது?" என்றார் ஓர் அம்மா. கருவி தூங்கும்போது காட்டும் படத்தைத் தம்மச் சக்கரமாக மாற்றிக் கொடுத்தேன். மின்மைத் திரையில் மின்சாரமே இல்லாவிட்டாலும் கடைசிப் படம் அப்படியே நிற்கும். அவர் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். இப்போது கேள்வி கேட்பதில்லை.

இப்போதைய நிலை

பலன் யாருக்கு என்று பார்த்தால் கண் தளர்ந்தவர்களுக்குத்தான். ரயில்வே ஐயா 'பௌத்தமும் தமிழும்' நூலை ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரி என்ற அளவில் எழுத்தைப் பெருக்கிவைத்து முழுதும் படித்து முடித்தார். பீடி சுற்றும் அக்கா வேலை முடிந்த மாலையில் மணிமேகலையை மெல்ல மெல்லப் படிக்கிறார். ஆபுத்திரன் கதை வரும் காதைகளையே திரும்பத் திரும்ப. மாணவர்கள் கருவியைத் தொடுவதே இல்லை, காட்பாடி ரயிலில் மொபைலில் படிக்கிறார்கள், அதே இபப் கோப்பைத்தான். பீரோவில் கிடந்த முதல் கருவியிலும் பிடிஎஃப்களை அழித்துவிட்டு இதே கோப்புகளை ஏற்றியாயிற்று; அதற்கும் இப்போது முறை எழுதுகிறார்கள்.

முடியாமல் நிற்பது அயோத்திதாசர்தான். தங்கவயல் அச்சில் 1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள் இருக்கின்றன: துதிக்கை போட்ட 'லை', 'னை', சுழித்த 'ணா', 'றா', 'னா'. மொத்தம் 13 எழுத்து. ஓசிஆர் அவற்றில் தடுக்கி விழுகிறது. துணைக்காலையும் ரகரத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றிப்போடுவது தனி. வரிக்கு வரி ஆள் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்காமல் வழியில்லை.

மூன்றாவது கருவி வாங்கலாமா என்ற பேச்சு போன கூட்டத்தில் எழுந்தது. அந்தப் பணத்தை மெய்ப்புத் திருத்தும் மாணவர்கள் இருவருக்குக் கூலியாகக் கொடுங்கள் என்றேன். வட்டம் இன்னும் முடிவு சொல்லவில்லை. டிரங்குப் பெட்டி வைத்திருக்கும் பெரியவர் நூல்களைப் படம் எடுக்கச் சம்மதித்திருக்கிறார். வீட்டு வாசலைத் தாண்டி ஒரு தாள்கூட வெளியே போகாது என்பது அவர் நிபந்தனை. ஆகவே கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நாங்கள்தான் போக வேண்டும்.